பூங்காப் புல்வெளிக்குத் தானியங்கிப் புல்வெட்டி ஏற்றதா? சிங்கப்பூர்ச் சூழலில் ஓர் ஆய்வு

தானாக நகர்ந்து புல்வெட்டும் இயந்திரம் வீட்டுத் தோட்டத்துக்காகப் பிறந்த கருவி. சுவீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் 1995ஆம் ஆண்டில் சூரிய ஒளியால் இயங்கும் தன் முதல் மாதிரியை வெளியிட்டபோது, அந்த இயந்திரம் ஓட வேண்டியிருந்த இடம் வேலி சூழ்ந்த சிறிய புல்தரை. அதில் நடமாடுவது பெரும்பாலும் ஒரே குடும்பம். ஆண்டில் பல மாதங்களுக்கு அங்கே புல் வளர்வதே இல்லை. அதன்பின் கடந்த 30 ஆண்டுகளில் மின்கலம், உணர்கருவி, செயற்கைக்கோள் வழி இடமறிதல் ஆகிய மூன்றும் வளர, ஐரோப்பாவில் கால்பந்துத் திடல்களிலும் கோல்ஃப் மைதானங்களிலும் நகராட்சிப் புல்வெளிகளிலும் அது இடம்பிடித்துவிட்டது. தோட்டப் பராமரிப்புக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவரும் சிங்கப்பூரில், நம் பூங்காக்களிலும் அதை ஓடவிட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. எழ வேண்டிய கேள்வியும்கூட. ஆனால் இந்தக் கருவி எத்தகைய தரையை, எத்தகைய வானிலையை, எத்தகைய ஆளரவமின்மையை எதிர்பார்த்து உருவானது என்பதைப் பார்த்துவிட்டு நம் பூங்காக்களை நோக்கினால், முதலில் தீர்க்கப்பட வேண்டியது புல்லை யார் வெட்டுவது என்பதல்ல, எந்தப் புல்லை வெட்டியே ஆகவேண்டும் என்பதுதான் என்பது தெளிவாகும்.

இயந்திரம் இயங்கும் முறையிலிருந்து தொடங்குவோம். தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் பெட்ரோல் கருவியும், ஆள் அமர்ந்து ஓட்டும் பெரிய வண்டியும் வளர்ந்துவிட்ட புல்லை ஒரே தடவையில் பலத்தோடு வெட்டி வீழ்த்துகின்றன. தானியங்கி இயந்திரத்தின் வழி வேறு. சுழலும் வட்டின் விளிம்பில் சவர அலகைப் போன்ற சின்னஞ்சிறு தகடுகள் தளர்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். கல்லிலோ வேரிலோ பட்டால் அவை உள்ளே மடங்கிக்கொள்ளும். இவற்றால் உயர்ந்த புல்லைச் சாய்க்க முடியாது. ஆகவே அந்த இயந்திரம் நாள்தோறும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், புல்லின் நுனியை மட்டும் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிக்கொண்டே இருக்கும். சீவிய துகள்கள் தரையிலேயே விழுந்து மக்கி, அவற்றிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்குத் திரும்புகிறது. ஒரே வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கக்கூடாது என்பது புல்தரை வளர்ப்போர் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் விதி. மாதம் ஓரிரு முறை வெட்டுகையில் காற்றில் பறந்துபோகும் இந்த விதியைத் தானியங்கி இயந்திரம் இயல்பாகவே காக்கிறது. ஏறத்தாழ 10 முதல் 15 கிலோ எடையுள்ள வீட்டு மாதிரிகள் ஈரமண்ணை அழுத்துவதும் இல்லை. ஆள் ஓட்டும் வண்டி மழைக்குப் பின் பதித்துச் செல்லும் சக்கரத் தடங்களை இந்த நாட்டில் பார்க்காதவர் இருக்க முடியாது.

நன்மைகளில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. இன்று நம் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் அடுக்குமாடிகளுக்கிடையிலும் புல்வெட்டும் தொழிலாளர்களின் உடலுக்கு அது அளிக்கக்கூடிய ஓய்வைத்தான் சொல்கிறேன். அவர்களில் தமிழகத்திலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்தவர்கள் பலர். முகக்கவசம், காதடைப்பான், கனத்த காலணி, முழுக்கை உடை எல்லாம் அணிந்து, அதிரும் கருவியைத் தோளில் தாங்கியபடி வெயிலில் மணிக்கணக்கில் நடக்கிறார்கள். பெட்ரோல் கருவியின் ஓசை இயக்குபவரின் காதருகே 90 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக 85 டெசிபெல் என்பதே சிங்கப்பூர்ச் சட்டம் வகுத்துள்ள வரம்பு. வெப்பமோ கண்ணுக்குத் தெரியாத சுமை. மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் அறிவித்த விதிகளின்படி, காற்றின் ஈரப்பதத்தையும் கணக்கில் சேர்க்கும் ஈரக்குமிழ் வெப்பநிலைக் குறியீடு 32 டிகிரியை எட்டினால் கடும் உடலுழைப்பில் இருப்போருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வும், 33 டிகிரியை எட்டினால் 15 நிமிட ஓய்வும் தர வேண்டும். புல்வெட்டு அந்த வகை உழைப்புதான். பெட்ரோல் கருவியின் முனையில் சுழலும் வெட்டிழை தெறிக்கவைக்கும் கல் கண்ணையோ கார்க் கண்ணாடியையோ தாக்காமலிருக்க, ஒருவர் வெட்டும்போது இன்னொருவர் வலைத்தடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்வதைச் சாலையோரங்களில் காண்கிறோம். தானியங்கி இயந்திரத்தின் ஓசை ஏறத்தாழ 60 டெசிபெல். பக்கத்தில் இருவர் பேசிக்கொள்ளும் அளவுதான். புகை இல்லை, கல் தெறிப்பது மிக அரிது. இந்த நன்மைகளை எடைபோடாமல் இயந்திரத்தை ஒதுக்கித்தள்ளுவது அந்தத் தொழிலாளர்களுக்குச் செய்யும் அநீதி.

ஆனால் நம் புல்லும் நம் மழையும் அந்த இயந்திரத்துக்குப் பழக்கமில்லாதவை. சிங்கப்பூரின் பொதுவிடங்களில் பெரும்பாலும் வளர்வது, தோட்டத் தொழிலில் ‘கவ் கிராஸ்’ என்று அழைக்கப்படும் அகன்ற இலைப் புல். வெப்பமண்டல அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இது தரையோடு ஓடும் தண்டுகளால் பரவும். ஓரளவு நிழலையும் மிதியையும் தாங்கும். மழையும் வெயிலும் மாறி மாறி வரும் நாள்களில் வெகுவேகமாக உயரும். இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை ஏறத்தாழ 170 நாள்களில் பெய்கிறது. இடியிடிக்கும் நாள்களும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். புல் உறங்கும் பருவம் என்று ஒன்று இங்கே கிடையாது.

சிறிது சிறிதாக, அடிக்கடி என்பதுதான் இந்த இயந்திரத்தின் பலம், பலவீனமும் அதுவே. வடகிழக்குப் பருவமழையின்போது டிசம்பரிலோ ஜனவரியிலோ மூன்று நான்கு நாள்கள் விடாமல் மழை ஊற்றினால், தரை சகதியாகி இயந்திரம் நிறுத்தப்படும். நனைந்த துகள்கள் வட்டின் அடியில் அப்பிக்கொள்ளும், சக்கரம் வழுக்கும், தாழ்வான இடங்களில் நீர் தேங்கி நிற்கும். மழை ஓய்ந்ததும் வெயில் அடிக்கும்போது புல் இயந்திரத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும். அப்போது பழைய கருவியோடு ஆள்தான் வரவேண்டும். அதாவது தானியங்கிக்கு மாறிய பூங்கா, பழைய முறைக்கான ஆள்களையும் கருவிகளையும் கைவிட முடியாது. ஒப்பந்தக்காரர் இரண்டுக்கும் செலவு செய்ய நேரும். விளம்பரக் கையேடுகளில் காட்டப்படும் சேமிப்புக் கணக்கு இந்த இரட்டைச் செலவைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பதே என் முதல் ஐயம்.

அடுத்தது, இயந்திரம் தான் எங்கே நிற்கிறது என்பதை எப்படி அறிகிறது என்பது. தொடக்ககால மாதிரிகளுக்குப் புல்வெளியின் எல்லையில் மெல்லிய மின்கம்பி புதைக்கப்பட்டது. கம்பியை உணர்ந்ததும் இயந்திரம் திரும்பிக்கொள்ளும். பொதுப் பூங்காவில் இந்தக் கம்பி நெடுநாள் தாக்குப்பிடிக்காது. மரம் நடுவோர் குழி தோண்டுவார்கள், குழாய் பழுதுபார்ப்போர் தோண்டுவார்கள். பாசிர் ரிஸ், பொங்கோல் வட்டாரங்களில் காட்டுப்பன்றிகளும் புல்தரையைக் கிளறும். அதனால் இப்போதைய பெரிய மாதிரிகள் செயற்கைக்கோள் குறிப்புகளையும், தரையிலுள்ள ஒரு நிலையம் அனுப்பும் திருத்தங்களையும் சேர்த்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியத்தில் தம் இடத்தை அறிகின்றன. இதற்கான அடிப்படைக் கட்டமைப்பு நம்மிடம் இருக்கவே இருக்கிறது: சிங்கப்பூர் நில ஆணையம் நாடு முழுவதற்குமான செயற்கைக்கோள் இடமறி வலையமைப்பை 2006 முதல் நடத்திவருகிறது. திறந்த வெளியில் இந்த முறை நன்றாக வேலைசெய்யும்.

ஆனால் நம் பூங்காக்கள் திறந்த வெளிகள் அல்ல. அறுபதுகளில் தொடங்கிய தோட்ட நகரத் திட்டம் இந்தத் தீவுக்குத் தந்த மிகப்பெரிய சொத்து நிழல். தூங்குமூஞ்சி மரங்களும் அங்சானா மரங்களும் குடைபோல் விரிந்து வானை மறைக்கும் இடங்களில் செயற்கைக்கோள் குறிப்பு தடுமாறும். உயர்ந்த அடுக்குமாடிகள் அந்தக் குறிப்பைத் தெறிக்கவைத்து இன்னும் குழப்பும். இதோடு அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்தபிறகு சில மணி நேரத்துக்கு, வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் குலைவுகள் ஏற்பட்டு, செயற்கைக்கோள் குறிப்புகள் மின்னி மங்குகின்றன. சூரியனின் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளில், குறிப்பாக மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, இது கடுமையாகும். சுவீடனில் சோதிக்கப்பட்ட துல்லியத்தை ஈசூனில் ஓர் இரவில் அப்படியே எதிர்பார்ப்பதற்கில்லை. இந்தக் குறையை ஈடுசெய்ய ஒளிப்படக் கருவியும் லேசர் உணரியும் பொருத்திய மாதிரிகள் வந்துள்ளன. ஆனால் ஒளிப்படக் கருவிக்கு வெளிச்சம் வேண்டும், அது மக்கள் நடமாடும் இடத்தில் எதைப் பதிவுசெய்கிறது, பதிவை யார் வைத்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும்.

இரவைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. இயந்திரம் ஓடும்போது புல்லில் ஆள் இருக்கக்கூடாது. குழந்தைகள் அறவே கூடாது. தூக்கினாலோ கவிழ்ந்தாலோ வெட்டுத்தகடு ஓரிரு நொடிகளில் நிற்கும்படி அதற்கான அனைத்துலகத் தரநிலை கோருகிறது என்றாலும், செருப்பில்லாமல் புல்லில் ஓடும் குழந்தையின் கால்விரலுக்கு ஓரிரு நொடி நெடுநேரம். வீட்டுத் தோட்டத்தில் குழந்தையை உள்ளே அழைத்துக்கொண்டால் போதும். பூங்காவில் யாரை அழைப்பது? ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் விடியுமுன்பே ஓட்டக்காரர்கள் வருகிறார்கள், பகல் முழுதும் குடும்பங்கள் பாய் விரித்து அமர்கின்றன, இரவில் கூடாரம் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவைச் சுற்றியுள்ள திடல்களைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், வாரம் முழுவதும் உழைத்த நம் ஊர் இளைஞர்களுக்கு அந்தப் புல்தரைதான் வரவேற்பறை, உணவுக்கூடம், ஊர்ச்செய்தி பரிமாறும் திண்ணை எல்லாம். பொதுப் பூங்காவின் புல் மக்கள் உட்காருவதற்காக இருக்கிறது. மக்களை விலக்கினால்தான் அதைப் பராமரிக்க முடியும் என்றால் அந்தப் பராமரிப்புக்குப் பொருளில்லை.

இங்கே ஒரு முன்னனுபவத்தை நினைவுகூர்வது பயன்தரும். கொவிட்-19 காலத்தில், 2020 மே மாதம், பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் ‘ஸ்பாட்’ என்னும் நான்கு கால் இயந்திரம் பாதுகாப்பு இடைவெளியை நினைவூட்டியபடி ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு உலவவிடப்பட்டது. வெட்டுத்தகடு எதுவும் இல்லாத அந்த இயந்திரத்தோடுகூட ஓர் அதிகாரி நடந்துசெல்ல ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அது சரியான முன்னெச்சரிக்கை என்றே கருதுகிறேன். புல்வெட்டும் இயந்திரத்துக்கும் மக்கள் நடமாடும் நேரத்தில் அதே காவல் வேண்டும் என்றால், ஆள் குறைப்பு என்ற நோக்கம் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

ஆகவே நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரமே மிஞ்சுகிறது. அந்த நேரத்திலும் பூங்கா காலியாக இருப்பதில்லை. மனிதர்கள் விட்டுச்சென்ற இடத்துக்கு விலங்குகள் வருகின்றன. இந்தச் சிக்கலை ஐரோப்பா முள்ளெலிகளின் வழியே கண்டுகொண்டது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் சோஃபி லண்ட் ராஸ்முசனும் அவருடைய குழுவினரும், ஏற்கெனவே இறந்துபோயிருந்த முள்ளெலிகளைப் புல்வெளியில் வைத்து 18 வகைத் தானியங்கி இயந்திரங்களை ஓடவிட்டுச் சோதித்து, அதன் முடிவுகளை 2021இல் வெளியிட்டார்கள். முட்டாமல் விலகிச்சென்ற இயந்திரம் ஒன்றுகூட இல்லை. சில முட்டியபின் திரும்பின, சில உடலைச் சிதைத்தன. குட்டிகளை எந்த இயந்திரமும் உணரவில்லை. ஆபத்து வந்தால் ஓடாமல் சுருண்டுகொள்வது முள்ளெலியின் இயல்பு. பகைவிலங்கிடமிருந்து காக்கும் அந்த இயல்பே இயந்திரத்தின் முன் அதற்கு எமனாகிறது. ஜெர்மனியின் கொலோன் நகரம் 2024இல் தானியங்கிப் புல்வெட்டிகளை இரவில் இயக்குவதற்குத் தடை விதித்தது.

சிங்கப்பூரில் முள்ளெலி இல்லை. ஆனால் அதைப்போலவே சுருண்டுகொள்ளும், உடலெங்கும் செதில் போர்த்திய அழுங்கு இருக்கிறது. காடுகளை ஒட்டிய பூங்காக்களிலும் சாலைகளிலும் அது இரவில் அவ்வப்போது தென்படும். அசையாமல் அமர்ந்து தப்பிக்கும் தேரைகளும் தவளைகளும் மழை இரவுகளில் புல்வெளி எங்கும் இருக்கும். மலைப்பாம்பு இரவில் இரைதேடும். கூடு கட்டாமல் வெறுந்தரையில் முட்டையிடும் பக்கிப் பறவைகளும், திறந்த புல்வெளியில் முட்டையிடும் ஆள்காட்டிப் பறவைகளும் இந்தத் தீவில் இனப்பெருக்கம் செய்கின்றன. ஆள்காட்டி கத்திக்கொண்டு வட்டமடித்தால் ஆள் நின்று பார்ப்பார், முட்டையைக் கண்டால் அந்தக் கையளவு இடத்தைச் சுற்றிவிட்டு வெட்டுவார். மண் நிறத்தில் கிடக்கும் நான்கு முட்டைகளை அடையாளம் காணும் அளவுக்கு இன்றைய இயந்திரத்தின் கண் தேறவில்லை. உடும்பும் நீர்நாயும் விலகிப்போய்விடும் என்று நம்பலாம். அவற்றின் குட்டிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பகலில் புல்வெட்டுவோரின் பின்னாலேயே மைனாக்களும் கொக்குகளும் பூச்சி பொறுக்கியபடி நடப்பதைக் காணும்போது, மனிதரின் வேகத்துக்கும் அவற்றின் வேகத்துக்கும் இடையே ஓர் உடன்பாடு இருப்பது தெரிகிறது.

மனிதர்கள் இல்லாத நேரத்தில் விலங்குகள் இருக்கின்றன. விலங்குகள் ஒதுங்கும் நேரத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். வேலியில்லாத பூங்காவில் தானியங்கி இயந்திரத்துக்கென்று ஒதுக்கக்கூடிய நேரம் அநேகமாக இல்லை என்பதே நான் வந்தடையும் முடிவு. பேட்டரியும் மென்பொருளும் எவ்வளவு முன்னேறினாலும் இந்த நேரக்கணக்கு மாறாது.

புல்வெட்டுவோர் செய்யும் வேலையை நாம் முழுமையாகக் கணக்கிடுகிறோமா என்பதும் கேட்கப்பட வேண்டியது. வெட்டத் தொடங்குமுன் அவர்கள் குப்பை பொறுக்குகிறார்கள். போத்தல், பை, விழுந்த கிளை, பாதாம் மரத்தின் பெரிய இலைக்குவியல் எல்லாம் அகற்றப்பட்ட பின்புதான் கருவி முடுக்கப்படுகிறது. 2020இல் 35,000க்கும் அதிகமானோரை டெங்கி தாக்கிய நாட்டில், புல்லுக்குள் மறைந்திருக்கும் ஒரு தயிர்க்கோப்பையை எடுத்துக் கவிழ்ப்பது சின்ன வேலையல்ல. மரத்தின் அடிப்பகுதி, இருக்கைகளின் கால், வடிகால் விளிம்பு, நடைபாதையின் ஓரம் இவற்றை இயந்திரத்தால் நெருங்க முடியாது, கைக்கருவிதான் வேண்டும். விளிம்புகள் மிகுந்த பூங்காவில் நேரம் விழுங்குவது நடுப்புல்வெளி அல்ல, இந்த ஓரங்கள்தான். நடுவை இயந்திரத்திடம் ஒப்படைத்தாலும் ஓரத்துக்கு ஆள் வரத்தான் போகிறார்; வந்தவர் நடுவையும் வெட்டிவிட்டுப் போக இன்னும் சிறிது நேரமே ஆகும். பூங்காவில் சாய்ந்த மரம், தளர்ந்த கைப்பிடி, மண்ணரிப்பு ஆகியவற்றை முதலில் கண்டு மேற்பார்வையாளரிடம் சொல்வதும் பெரும்பாலும் இவர்களே.

இனி, எந்தப் புல்லை வெட்டியாக வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு விடைதேடும் வாய்ப்பு 2020இல் நமக்குத் தற்செயலாகக் கிடைத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த கிருமிப் பரவல் முறியடிப்புக் காலத்தில் புல்வெட்டு வெகுவாகக் குறைக்கப்பட்டது. சாலையோரங்களில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்தது. தொட்டாற்சிணுங்கியும் வெட்டுக்காயப் பூண்டும் பூத்தன. வண்ணத்துப்பூச்சிகளும் தும்பிகளும் சிறு விதையுண்ணும் பறவைகளும் கூடின. கொசுவும் பாம்பும் பெருகும் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள், இப்படியே விட்டுவிடுங்கள் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இரு தரப்பினரின் கவலையும் நியாயமானதுதான். அந்த இரு மாதங்கள் காட்டியது ஒன்று உண்டு: நாம் வெட்டிவந்த புல்லில் ஒரு பகுதியை வழக்கம் என்பதற்காகவே வெட்டிவந்தோம்.

அதே 2020ஆம் ஆண்டில்தான் தேசியப் பூங்காக் கழகம் சிங்கப்பூரை இயற்கையில் அமைந்த நகரமாக்கும் இலக்கை அறிவித்தது. கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றின் ஒரு பகுதி 62 ஹெக்டர் பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குள் வளைந்தோடும் ஆறாக மாற்றப்பட்டு 2012இல் திறக்கப்பட்டதும், அதன் கரைகளில் உயரமான செடிகொடிகள் வளரவிடப்பட்டதும், அங்கே நீர்நாய்கள் குடியேறியதும் இந்த மாற்றத்தின் முன்னோடி. தானியங்கிப் புல்வெட்டிக்கோ அதற்கு நேரெதிரான தரை வேண்டும்: தட்டையான, ஒரே உயரமான, ஒரே வகைப் புல் மட்டும் நிரம்பிய, வாரம் முழுதும் சீவப்பட்ட விரிப்பு. ஒரு பூங்கா இத்தகைய இயந்திரத்தில் முதலீடு செய்துவிட்டால், இயந்திரம் ஓடுவதற்கு ஏற்றபடி தரையை அமைக்கும் ஆசை தானே வரும். பள்ளம் நிரப்பப்படும், புதர் அகற்றப்படும், காட்டுப்பூக்கள் தலைகாட்டிய மறுநாளே சீவப்படும். வாங்கிய கருவிக்கு வேலை கொடுப்பதற்காக, வளரவிட வேண்டிய புல்லையும் வெட்டும் நிலை வந்துவிடக்கூடாது என்பதே இந்த விவாதத்தில் எனக்குள்ள பெருங்கவலை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, இயந்திரத்துக்கு இங்கே இடமே இல்லை என்று முடிப்பது தவறு. வேலியும் பூட்டும் உள்ள விளையாட்டுத் திடல்கள், பள்ளித் திடல்கள், கோல்ஃப் மைதானங்கள், நிகழ்ச்சிகளுக்கென ஒதுக்கப்பட்டு மற்ற நேரங்களில் மூடப்படும் புல்வெளிகள் ஆகியவற்றில் அது எதிர்பார்க்கும் தரை இருக்கிறது. அங்கே புல் உண்மையிலேயே குட்டையாகவும் சீராகவும் இருக்க வேண்டும், மரநிழல் குறைவு, பந்து உருளும் தரையை அடிக்கடி சீவுவது புல்லுக்கும் நல்லது. பள்ளித் திடலில் மாணவர் வகுப்பறையில் இருக்கும் காலை நேரத்தை ஒதுக்கினால் இரவில் ஓட்ட வேண்டிய தேவையும் இல்லை. இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் இயந்திரம் நிலையத்துக்குத் திரும்புவதும், மின்னேற்று நிலையத்துக்கு மின்னல் காப்பு அமைப்பதும் இங்கே விருப்பத்துக்கு விடப்படாத ஏற்பாடுகளாக இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பயன் சரிவுகளில் இருக்கிறது என்று கருதுகிறேன். மேம்பாலங்களின் அடிச்சரிவு, கால்வாய்க் கரை, விரைவுச்சாலை ஓரத்து மேடு ஆகிய இடங்களில், மழையில் நனைந்த புல்லின்மேல் சுழலும் கருவியோடு கால் ஊன்றி நிற்பது இந்தத் தொழிலின் மிக ஆபத்தான வேலை. தொலைவில் பாதுகாப்பான இடத்தில் நின்று ஒருவர் கையடக்கக் கருவியால் இயக்கும் சங்கிலிச்சக்கரப் புல்வெட்டி இதற்கு மிகப் பொருத்தம். இதில் கண்ணும் முடிவும் மனிதருடையவை; அபாயத்தை மட்டும் இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. ஆள்காட்டி கத்தினால் அவரால் நிறுத்த முடியும். மற்ற இடங்களில் பெட்ரோல் கருவிகளுக்குப் பதிலாக மின்கலக் கருவிகளைத் தருவதும் இன்றே செய்யக்கூடியது; புகையும் பேரிரைச்சலும் பெருமளவு குறையும். இயந்திரங்கள் வாங்குவதற்குத் தேசியப் பூங்காக் கழகம் நிறுவனங்களுக்கு உற்பத்தித்திறன் மானியம் வழங்கிவந்திருக்கிறது. ஆளில்லாத இயந்திரத்தைவிட, இருக்கும் ஆளின் உடலைக் காக்கும் கருவிக்கு அத்தகைய உதவி முதலில் சேர வேண்டும்.

வேலைவாய்ப்பைப் பற்றிய அச்சத்தையும் பேசாமல் விட முடியாது. தோட்டப் பராமரிப்புத் துறையில் படிப்படியாக உயரும் சம்பள முறை 2016இல் நடைமுறைக்கு வந்தது. உள்ளூர்த் தொழிலாளர் பயிற்சி பெற்று, அடுத்த படிக்கு உயர்ந்து, கூடுதல் ஊதியம் பெறுவதற்கான வழி அது. சரிவு இயந்திரத்தை இயக்குவதும், திடலில் ஓடும் தானியங்கிகளைக் கண்காணித்துப் பழுதுபார்ப்பதும் அந்தப் படிகளில் இடம்பெறத்தக்க திறன்கள். வெளிநாட்டு ஊழியருக்கு அதே பயிற்சி கிடைத்தால் ஊர் திரும்பும்போதும் கையில் ஒரு தொழில் இருக்கும். ஆனால் இயந்திரம் வந்ததைக் காரணமாகக் காட்டி, மிஞ்சிய ஆள்களின் தலையில் இரண்டு மடங்குப் பரப்பைக் கட்டினால், அவர்களின் வேலை முன்பைவிடக் கொடியதாகும்.

இவை எல்லாம் கடைசியில் ஒப்பந்தத்தில் வந்து நிற்கின்றன. ஒரு மாதத்தில் எத்தனை முறை வெட்டினீர்கள் என்பதை அடிப்படையாகக் கொண்டு பணம் தரும் ஒப்பந்தம், தேவையில்லாத வெட்டையும் ஊக்குவிக்கிறது. பாதுகாவல் துறையில் அரசாங்க அமைப்புகள் 2020 மே முதல் தலைக்கணக்கை விட்டுவிட்டு விளைவை அடிப்படையாகக் கொண்ட ஒப்பந்தங்களுக்கு மாறின. பூங்காவுக்கும் அதே முறை பொருந்தும். இந்தப் பகுதியில் புல் இந்த உயரத்தைத் தாண்டக்கூடாது, இந்தப் பகுதி ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் வெட்டப்பட வேண்டும், இந்தக் கரையை இனப்பெருக்க மாதங்களில் தொடவே கூடாது, இருட்டியபின் எந்த இயந்திரமும் தானாக ஓடக்கூடாது என்று பகுதிவாரியாக எழுதிவிட்டால், எந்த இடத்துக்கு எந்தக் கருவி என்பதை ஒப்பந்தக்காரர் தாமே கணக்கிட்டுக்கொள்வார். பூங்காக்களுக்குத் தேசியப் பூங்காக் கழகமும், அடுக்குமாடிகளின் சுற்றுப்புறத்துக்கு நகர மன்றங்களும், காலி அரசு நிலங்களுக்கு நில ஆணையமும் பொறுப்பு என்பதால், அடுத்தடுத்துக் கிடக்கும் புல்தரைகளுக்கு இந்த விதிகள் முரண்படாமல் இருப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பகுதிவாரி வரைபடத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து மட்டும் வரைந்துவிட முடியாது. மழைக்குப் பின் எந்த மூலையில் கால் புதையும், எந்த மரத்தடியில் வேர் மேலெழுந்து நிற்கிறது, எந்த மேட்டில் ஆண்டுதோறும் ஆள்காட்டி முட்டையிடுகிறது, எந்த இடத்துப் புல்லில் ஒருவரும் உட்காருவதே இல்லை என்பதெல்லாம் அங்கே வெட்டிவருபவர்களுக்குத் தெரியும். தானியங்கி இயந்திரம் வாங்குவதற்கான ஏலக்குறிப்பை எழுதுமுன் அவர்களை அழைத்து, அவர்களுடைய மொழியிலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது எந்த நிறுவனத்துக்கும் இயலக்கூடியதே.